கனடாவுக்குக் குடிபோகும்போது வீட்டுச் சாமான்: சுங்கத்தில் எதை, எப்போது, எப்படி எழுதிக் கொடுப்பது?

கொங்குமலர்:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கனடா பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) உறுதிக் கடிதம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் முதலில் இரண்டு பெட்டியோடு டொரண்டோ போய் இறங்குகிறார். பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் நானும் அவர்களும் போவோம். சாமான்களைக் கப்பலில் போடலாம் என்று யோசனை.

போகிற சாமான்: அம்மா வீட்டுப் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், புத்தகங்கள், பெரியவளுடைய வீணை, தாத்தா காலத்து ஈட்டி மர ஊஞ்சல், பூஜை அறையில் இருக்கும் ஒரு பழைய நடராஜர், தையல் மெஷின், வெட் கிரைண்டர். நகை தனி. பேக்கிங் கம்பெனிக்காரர் ஒருவர், "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க லிஸ்ட் எல்லாம் போட வேண்டாம்" என்கிறார். அங்கே போனவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பனையோலை:

தங்கச்சி, நான் ஸ்காபரோவில கனகாலமா இருக்கிறன். ஊரிலயிருந்து வாற சனத்துக்கு நான் எப்பவும் முதல்ல சொல்லுறது இதுதான்: பிளேனால இறங்கின அண்டைக்கே பட்டியலைக் குடுத்திட வேணும். கையில கொண்டு வாறது ஒரு பட்டியல், பிறகு வரப்போறது இன்னொரு பட்டியல். இங்க அதைக் "குட்ஸ் டு ஃபாலோ" எண்டு சொல்லுவினம். உங்கட அவர் ஒரு தோள்பையோட வந்தாலும் அந்த ரெண்டாவது பட்டியலைக் குடுக்க வேணும்.

இமிக்ரேஷன் மேசையில கையெழுத்து வைச்சு முடிஞ்சதும் கன பேர் நேர வெளியில போயிடுகினம். அப்படிப் போகக் கூடாது. சுங்க அதிகாரியிட்டப் போய், "எனக்குப் பின்னால சாமான் வருது, பட்டியல் இருக்கு" எண்டு நீங்களாத்தான் கேட்க வேணும். அவையா கூப்பிட்டுக் கேட்பினம் எண்டு நினைக்காதேங்கோ. அவை ஒரு படிவம் போட்டு, சீல் குத்தி, ஒரு பிரதி தருவினம். அந்தத் தாளைப் பாஸ்போர்ட் மாதிரிப் பத்திரமா வைக்க வேணும். கப்பலில சாமான் வந்து சேர்ற அண்டைக்கு அதுதான் திறப்பு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் பட்டியல் குடுக்காமல் வந்து, பிறகு ஊரிலயிருந்து பெட்டியள் வரேக்க, பழைய சாமானுக்கு வரி கட்டி எடுத்தது. தாயின்ர சேலையளுக்கும் சேர்த்துக் கட்டினவை. கேட்கவே மனவருத்தமா இருந்தது.

மிசிசாகா_கணக்கன்:

பனையோலை ஐயா சொன்னது சரி. நான் இங்கே ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விதியை அதன் வரிசையில் சொல்கிறேன், மனத்தில் நிற்கும்.

கனடாவின் எல்லைச் சேவை நிறுவனம் (சிபிஎஸ்ஏ) முதன்முறையாகக் குடியேற வருபவரை "செட்லர்" என்று வகைப்படுத்துகிறது. அவருடைய வீட்டுச் சாமான் 9807.00.00 என்ற தீர்வை எண்ணின் கீழ் வரியில்லாமல் உள்ளே வரலாம். விளக்கமெல்லாம் டி2-2-1 என்ற குறிப்பாணையில் இருக்கிறது. இணையத்தில் யாரும் படிக்கலாம். பேக்கிங் கம்பெனி சொல்வதைக் கேட்கும் முன் அதைப் படியுங்கள்.

நிபந்தனை மூன்று சொல்லில் அடங்கும். நீங்கள் வந்து இறங்கும் நாளுக்கு முன்பே அந்தப் பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், உங்கள் கையில் இருக்க வேண்டும், நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ரசீது மட்டும் இருந்து பெட்டி பிரிக்காமல் இருந்தால் மூன்றாவது நிபந்தனை இடிக்கும். வாடகைக்கு எடுத்த பொருளுக்கு முதலாவது இடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆறு மாதம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கால அளவு உண்டு. கனடாவில் செட்லருக்கு அப்படி மாதக் கணக்கு இல்லை. ஆனால் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதில் தளர்வு கிடையாது.

அதிகாரி போடும் படிவத்தின் பெயர் பிஎஸ்எஃப்186. பட்டியலை இரண்டு பிரதிகளாகத் தட்டச்சு செய்து கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கனடா டாலரில் மதிப்பு, கம்பெனி, மாடல், சீரியல் எண் (இருந்தால்) எழுத வேண்டும். மதிப்பு என்பது வாங்கிய விலை அல்ல. பழைய பொருளாக இன்று அது என்ன பெறும் என்பதுதான்.

இன்னொன்று. வரியில்லாமல் வந்த பொருளை முதல் 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ அப்போது வரி கட்ட வேண்டும். வியாபாரத்துக்குத் திருப்பினாலும் அப்படியே.

வரவுசெலவு:

இவ்வளவு பாடு எதுக்குங்க? எல்லாத்தையும் இங்கயே வித்துட்டுப் போங்க. கப்பல் செலவு, இன்சூரன்ஸ், அங்க குடோன் வாடகை எல்லாம் கூட்டிப் பாத்தா அங்க புதுசாவே வாங்கிடலாம். சோபா, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் கப்பல்ல ஏத்தறது வீண். மின்சாரம் வேற அங்க 120 வோல்ட்.

நகை விஷயத்துல என் அபிப்பிராயம்: எழுதவே வேண்டாம். போட்டுக்கிட்டுப் போங்க. கேட்டா பாத்துக்கலாம். எழுதிக் குடுத்தா நாமளே போய் மாட்டிக்கிற மாதிரி.

மிசிசாகா_கணக்கன்:

முதல் பாதிக்குப் பாதி சம்மதம். கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ் கொண்டு வருவதில் அர்த்தமில்லை. ஆனால் அம்மாவின் வெண்கல உருளியை இங்கே எந்தக் கடையில் வாங்குவது? எது மறுபடி வாங்க முடியாதோ அதற்குத்தான் கப்பல்.

நகை பற்றிய யோசனையை மட்டும் யாரும் கேட்காதீர்கள். கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் இழப்பது பெரும்பாலும் பெண்கள்தான். பழைய நகையை எழுதிக் கொடுத்தால் வரி இல்லை. எழுதாமல் வந்து சோதனையில் தெரிந்தால் பறிமுதல், அபராதம். அத்தோடு போவதில்லை. அந்தப் பதிவு உங்கள் பெயரில் நிற்கும், அடுத்தடுத்த பயணங்களில் உங்களைத் தனியாக நிறுத்துவார்கள். வரி இல்லாத ஒன்றை மறைத்து இதையெல்லாம் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

கவனிக்க வேண்டியது 10,000 டாலர் வரம்பு. இது மொத்தச் சாமானுக்கு அல்ல. ஒரு தனிப் பொருளுக்கு. ஒரே பொருள் 10,000 கனடா டாலருக்கு மேல் பெறும் என்றால் மிஞ்சிய தொகைக்கு மட்டும் வரி. உதாரணமாக ஓர் ஆரம் 12,000 டாலர் என்றால் 2,000 டாலருக்குத்தான் கணக்கு. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் எச்எஸ்டி என்ற விற்பனை வரி 13 சதவீதம், அதோடு சுங்கத் தீர்வை இருந்தால் அது. தங்கம் இன்று விற்கும் விலையில் பத்துப் பவுன் ஆரம் ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே நகைகளை "தங்க நகை, மொத்தம் 60 பவுன்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். வளையல், நெக்லஸ், ஆரம், தோடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில், எடையோடும் மதிப்போடும் எழுதுங்கள்.

நகையைச் சொல்லால் விவரிப்பது கடினம் என்று சிபிஎஸ்ஏவே சொல்கிறது. நகை மதிப்பீட்டாளரின் சான்றில் உள்ள வாசகத்தையோ காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள வாசகத்தையோ அப்படியே எழுதலாம். கூடவே நகைக்கடைக்காரர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட புகைப்படம் வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க் கடையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

கடலோடி:

சென்னை ராயபுரத்தில் கப்பல் சரக்குக்குச் சுங்க கிளியரிங் வேலை பார்க்கிறவன் நான். எல்லோரும் கனடா பக்கத்தை மட்டும் பேசுகிறீர்கள். சாமான் முதலில் இந்தியாவை விட்டு வெளியே போக வேண்டும். சிக்கல் பாதி இங்கேதான்.

அம்மா, உங்கள் நடராஜரைப் பெட்டியில் வைக்காதீர்கள். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், உலோக வேலைப்பாடு எல்லாம் தொல்பொருள். கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும். தனிமனிதர் யாரும் அதை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டும்தான் ஏற்றுமதி செய்யலாம். குடும்பச் சொத்து, மூன்று தலைமுறையாகப் பூஜையில் இருக்கிறது என்றெல்லாம் சொல்லி இதில் பயன் இல்லை.

சிலை அவ்வளவு பழையது இல்லை என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, "இது தொல்பொருள் அல்ல" என்று சான்று வாங்கலாம். சிலையையும் படங்களையும் பார்த்து நிபுணர் குழு முடிவு சொல்லும். நேற்றைக்குச் சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலைக்குக்கூட இந்தச் சான்று கையில் இருந்தால் நல்லது. பஞ்சலோகம் என்றாலே துறைமுகத்தில் நின்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து எவ்வளவு சிலைகள் களவு போயின என்று தெரிந்தவர்கள் அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். சுவடி, பழைய தஞ்சாவூர் ஓவியம், பெரிய வெண்கல விளக்கு ஆகியவற்றுக்கும் இதே கதைதான். கப்பல் தேதிக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே ஆரம்பியுங்கள்.

ஊஞ்சல். ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, சைட்ஸ் ஒப்பந்தத்தின் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து இந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா இனம் ஏறக்குறைய முழுவதும் அதில் வந்துவிட்டது. சின்னப் பொருளுக்கு விலக்கு உண்டு, ஒரு சரக்கில் 10 கிலோ மரம் வரை. ஊஞ்சல் பலகை அதைத் தாண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றினால் இங்கேயும் நிற்கும், அங்கேயும் நிற்கும். தேக்கு ஊஞ்சலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மயில்தோகை ஏற்றுமதிக்குத் தடை. பூஜை அறைச் சாமானோடு அப்படியே சுற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், அதை எடுத்துவிடுங்கள். தந்தம் பதித்தது எதுவாக இருந்தாலும் தொடவே வேண்டாம்.

கொங்குமலர்:

கடலோடி அண்ணா, மிக்க நன்றி. நடராஜர் தாத்தாவுக்கு முன்பிருந்தே வீட்டில் இருப்பவர். தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம், அங்கே விளக்கேற்ற ஆள் இருக்கிறது. ஊஞ்சலும் அவனுக்கே.

வீணை தஞ்சாவூரில் செய்தது, பலா மரம். ஓரத்தில் வெள்ளை வேலைப்பாடு இருக்கிறது. அதைத் தந்தம் என்று யாராவது சொல்வார்களோ?

கடலோடி:

வாங்கியது எப்போது? சமீபத்தில் செய்த வீணை என்றால் அந்த வெள்ளை பிளாஸ்டிக்தான். செய்தவரிடமே ஒரு பில்லில், மரம் பலா, வேலைப்பாடு பிளாஸ்டிக் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலை வீணைப் பெட்டிக்குள் ஒன்று, கையில் ஒன்று வையுங்கள். பாட்டி காலத்து வீணையாக இருந்தால் கதை வேறு, அப்போது உண்மையான தந்தமும் மான் கொம்பும் பதித்தார்கள்.

வீணையின் குடம் உடையாமல் போக வேண்டும் என்றால் மரப்பெட்டி அடிக்க வேண்டும். அடிக்கும் பலகையில் கோதுமைக் கதிர் மாதிரிச் சின்னமும் எச்டி என்ற எழுத்தும் சூடு வைத்திருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்பிஎம் 15 என்பார்கள். பலகையைச் சூடேற்றிப் பூச்சி அழித்ததற்கு அடையாளம். முத்திரை இல்லாத பலகையைக் கனடா உள்ளே விடாது. தெருமுனை மர டிப்போவில் வாங்கி அடித்தால் முத்திரை இருக்காது.

சுட்டி_பொண்ணு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கல்கரியில் பிஆர். அப்பா சீர்ப் பாத்திரம் எல்லாம் புதுசாக வாங்கி அடுக்கியிருக்கிறார். "பயன்படுத்தியிருக்க வேண்டும்" என்றால் எல்லாவற்றுக்கும் வரியா? எவர்சில்வர் அண்டா முதல் வெள்ளிக் குத்துவிளக்கு வரை ஒன்றும் இன்னும் பிரிக்கவில்லை.

மிசிசாகா_கணக்கன்:

வாழ்த்துகள் தங்கச்சி. கல்யாணச் சீருக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது, நம்மவர்கள் பலருக்கும் தெரியாமல் போகிறது. கனடா வந்து சேரும் நாளுக்கு முந்தின மூன்று மாதத்துக்குள் கல்யாணம் ஆகியிருந்தாலோ, வந்த மூன்று மாதத்துக்குள் ஆகப்போகிறது என்றாலோ, கல்யாணப் பரிசுகள் வரியில்லாமல் வரலாம். மணப்பெண் கொண்டு வரும் வீட்டுச் சீருக்கும் அதே விதி. பொருள் உங்களுடையதாகவும் உங்கள் கையிலும் வரும் முன்பே இருக்க வேண்டும். பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இதற்கு இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் தேதியைப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஸ்பான்சர் செய்து உங்களுக்கு விசா வருவதற்குள் மூன்று மாதம் எப்போதோ கடந்திருக்கும். அப்போது இந்தச் சலுகை கைகொடுக்காது. அதனால் பரணில் அடுக்கி வைக்காமல் பிரித்துப் பயன்படுத்துங்கள். அந்த அண்டாவில் தண்ணீர் பிடியுங்கள், குத்துவிளக்கை வெள்ளிக்கிழமை ஏற்றுங்கள். விசா வரும்போது அது நீங்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமான், சாதாரண செட்லர் விதியிலேயே வந்துவிடும். அழைப்பிதழ் ஒன்று, திருமணப் பதிவுச் சான்று நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

மாவுக்கட்டு:

கிரைண்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் என் துறை, மோட்டார் ரீவைண்டிங்.

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் ஒரு நொடிக்கு அலையும் எண்ணிக்கையை, மாற்றாது. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அது ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடும். அங்கே போனால் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், இழுக்கும் சக்தி குறையும். மெதுவாக, மாவு சூடேறாமல் அரைப்பதற்குத்தானே கிரைண்டர்? மிக்ஸிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதன் மோட்டார் வேறு வகை, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடும். 750 வாட் மிக்ஸிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும்.

கோவையிலேயே 110 வோல்ட் மாடல் கிடைக்கிறது, வெளிநாட்டுக்கென்றே செய்கிறார்கள். அதை வாங்கிப் போவது உத்தமம்.

கொங்குமலர்:

110 வோல்ட் மாடலை இங்கே ஓட்ட முடியாதே! அப்புறம் "பயன்படுத்தியது" என்று எப்படி எழுதுவது?

மிசிசாகா_கணக்கன்:

எழுதக் கூடாது. புதியது என்று உள்ளபடி எழுதுங்கள், ரசீதை வையுங்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் வரி கட்டுங்கள். 250 டாலர் கிரைண்டருக்கு 13 சதவீதம் என்றால் 32 டாலர் சொச்சம். தீர்வை ஏதாவது சேர்ந்தாலும் பெரிய தொகை வராது. புதியதைப் புதியது என்று எழுதிய பட்டியலை அதிகாரி பார்க்கும்போது மற்ற வரிகளையும் நம்புவார். நான் பார்த்த வரைக்கும் அதிகாரிகள் வம்புக்கு நிற்பவர்கள் அல்ல. கேட்ட கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னால் பட்டியலைப் புரட்டிப் பார்த்துச் சீல் போட்டுவிடுவார்கள்.

பனையோலை:

சாப்பாட்டுச் சாமான், செடி, மண் பற்றியும் ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுறன். துளசிச் செடி, மண்ணோட ஒண்டும் கொண்டு வராதேங்கோ. கோயில் மண் எண்டு சின்ன டப்பாவில போட்டாலும் மண் மண்தான். அம்மி, உரல் கொண்டு வாறவை ஒரு துளி அழுக்கு இல்லாமல் தேய்ச்சுக் கழுவிக் காய வைச்சுக் கட்ட வேணும். ஆட்டிறைச்சி வத்தல், உப்புக்கண்டம் விடமாட்டினம். மிளகாய்த்தூள், மல்லித்தூள் பிரச்சினை இல்லை.

எதைக் கொண்டு வந்தாலும் சாப்பாட்டுச் சாமான் இருக்கெண்டு சொல்லிப்போட வேணும். சொல்லிப்போட்டு அவை வேண்டாம் எண்டால் எடுத்து எறிவினம், அவ்வளவுதான். சொல்லாமல் கொண்டு வந்து பிடிபட்டால் 1,300 டாலர் வரைக்கும் தண்டம். பிள்ளையளுக்குப் பால்குடி மறக்காத வயசில வாற தாய்மார் இரவுப் பயணக் களைப்பில படிவத்தில "இல்லை" எண்டு அமத்திப்போட்டு அந்தரப்படுகினம். முதலே வீட்டில இருந்து யோசிச்சு வையுங்கோ.

மீண்டும்வருவோன்:

என் நிலைமை கொஞ்சம் வேறு. கனடாவில் பிஆராக இருந்துவிட்டு, அப்பாவைக் கவனிக்கச் சென்னைக்குத் திரும்பி ஆறு வருடம் ஆகிறது. இப்போது மறுபடி போகிறேன். நானும் செட்லரா?

மிசிசாகா_கணக்கன்:

இல்லை. செட்லர் என்பது முதல்முறை குடியேறுபவருக்கு. நீங்கள் "முன்னாள் குடியிருப்பாளர்". தீர்வை எண் 9805.00.00, குறிப்பாணை டி2-3-2. குறைந்தது ஒரு வருடம் கனடாவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், பொருளை வெளியே இருந்தபோது ஆறு மாதமாவது வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு அந்த ஆறு மாதக் கணக்கு இல்லை. திரும்பும் முன் சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருந்தால் போதும். ஆறு வருடம் சென்னையில் இருந்ததற்குச் சான்று தேவைப்படும்: வாடகை ஒப்பந்தம், வருமான வரித் தாக்கல், பாஸ்போர்ட்டின் முத்திரைகள். 10,000 டாலர் வரம்பும் பட்டியலும் உங்களுக்கும் உண்டு.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்க வருபவர் செட்லர் அல்ல. 36 மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வேலைக்கு வருபவரும் அல்ல. உங்கள் சொந்த உபயோகச் சாமானைத் தற்காலிகமாகக் கொண்டு வரலாம், போகும்போது எடுத்துப் போக வேண்டும். உங்களுக்கு நாங்கள் பேசுகிற 9807 பொருந்தாது.

வரவுசெலவு:

நகை பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். கார் எடுத்துட்டுப் போக முடியுமா? என் மச்சான் புது வண்டியை விக்க மனசில்லாம இருக்கார்.

மிசிசாகா_கணக்கன்:

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் பாதுகாப்புத் தரத்தில் செய்யப்படாத வண்டி, அமெரிக்கச் சந்தைக்கானதும் இல்லை என்றால், 15 வருடம் பழையதாக இருந்தால்தான் உள்ளே வர வழி உண்டு. மச்சானை விற்கச் சொல்லுங்கள்.

கடலோடி:

நகை அணிந்து போகிறவர்கள் இந்தியப் பக்கமும் ஒன்று செய்ய வேண்டும். புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கல்யாணம் காட்சிக்கு அதே நகையோடு ஊருக்கு வரும்போது, "இது இங்கிருந்து போன நகைதான்" என்று காட்ட அது உதவும். எடை எழுதிய மதிப்பீட்டாளர் சான்றும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். விமானத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகப் போங்கள்.

கொங்குமலர்:

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்துப் பட்டியல் தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன். மாதிரிக்குக் கொஞ்சம் போடுகிறேன், சரியா பாருங்கள்.

பெட்டி 1: சமையல் பாத்திரங்கள், 200 டாலர்.
பெட்டி 2: புத்தகங்கள், 100 டாலர்.
பெட்டி 3: தையல் மெஷின், 80 டாலர்.
பெட்டி 4: வீணை, 600 டாலர்.
பெட்டி 5: துணிமணி, இதர.

கப்பலில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று இன்னும் முடிவாகாத சாமானும் இருக்கிறது. அதை எழுதலாமா, விட்டுவிடலாமா? சாமான் அங்கே வந்து சேர்ந்ததும் என்ன நடக்கும்?

மிசிசாகா_கணக்கன்:

முடிவாகாததையும் எழுதுங்கள். எழுதிவிட்டு அனுப்பாமல் இருந்தால் ஒரு கெடுதியும் இல்லை. எழுதாததை அனுப்பினால்தான் தொல்லை. அடுத்த வருடம் மாமியார் கையில் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பதைக்கூட இப்போதே எழுதிவிடுங்கள்.

பெட்டி 1: "வெண்கல உருளி 2, பித்தளைக் குடம் 3, இட்லிக் குண்டா 1, பிரஷர் குக்கர் 2" என்று பிரியுங்கள். ஒவ்வொரு கரண்டியும் வேண்டாம், இனம் தெரிந்தால் போதும். பெட்டி 3: கம்பெனி பெயர், மாடல், அடியில் தகட்டில் உள்ள சீரியல் எண். பெட்டி 4: செய்த ஊர், மரம், நீளம், படம். பெட்டி 5இல் "இதர" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால்தான் பெட்டியைத் திறக்கத் தோன்றும்.

கணவரின் பட்டியலில் கப்பல் சாமான் எல்லாம் இருக்கட்டும், முதலில் இறங்குபவர் அவர்தான். உங்கள் கழுத்திலும் கையிலும் வரும் நகைக்கு நீங்கள் இறங்கும்போது உங்கள் பெயரில் தனிப் பட்டியல் கொடுங்கள், "உடன் வருபவை" என்ற தலைப்பில்.

சாமான் வந்ததும் கப்பல் முகவரிடமிருந்து அறிவிப்பு வரும். சுங்கக் காவலில் உள்ள கிடங்கில் பெட்டிகள் இருக்கும். சரக்குக் கட்டுப்பாட்டுத் தாள், பிஎஸ்எஃப்186 பிரதி, முத்திரையிட்ட பட்டியல், பாஸ்போர்ட், பிஆர் அட்டை அல்லது உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிபிஎஸ்ஏ அலுவலகத்துக்கு நீங்களே போகலாம், தரகர் கட்டாயமில்லை. இதைச் சொல்வதால் எங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் உண்மை அது. பட்டியல் ஒழுங்காக இருந்தால் அந்த வேலையை நீங்களே முடித்துவிடலாம். திறந்து பார்க்க வேண்டும் என்றால் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி உங்கள் பொறுப்பு. விடுவிப்புச் சீல் விழுந்ததும் கிடங்கில் காட்டி எடுத்துக்கொள்ளலாம். இலவச நாட்கள் கடந்தால் வாடகை ஏறும், அதனால் அறிவிப்பு வரும் தொலைபேசி எண் கனடா எண்ணாக இருக்கட்டும். இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு சிம் அணைந்துபோய், கிடங்கு வாடகை கட்டியவர்கள் உண்டு.

கடலோடி:

பெட்டி எண்ணைப் பற்றி: பேக்கிங் லிஸ்டில் உள்ள எண்ணும் கனடாப் பட்டியலில் உள்ள எண்ணும் பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் எழுதுங்கள். உங்கள் சரக்கு ஒரு கன்டெய்னர் அளவு இல்லை. மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து எல்சிஎல் என்றுதான் போகும், கொழும்பில் கப்பல் மாறலாம். கன மீட்டர் கணக்கில் காசு. ஏற்றுவதற்கு முன் அளவு எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே கிடங்குக் கட்டணம், பிரித்துக் கொடுக்கும் கட்டணம் யார் தருவது என்று பேக்கிங் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். "டோர் டு டோர்" என்று வாயால் சொல்வது போதாது.

"லிஸ்ட் வேண்டாம்" என்று சொன்னவரிடம் சாமானைக் கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், லிஸ்ட் இல்லாமல் ஏற்றுகிறவர் உங்களுக்காக அங்கே வந்து நிற்கப் போவதில்லை.

கொங்குமலர்:

வேறு கம்பெனியிடம் பேசிவிட்டோம். அவர்கள் முதலில் கேட்டதே பெட்டிவாரி லிஸ்ட்தான். ஒரே ஒரு கேள்வி பாக்கி: வீட்டுக்காரர் விமானம் முதலில் வான்கூவரில் இறங்கி, அங்கிருந்து டொரண்டோ. பட்டியலை எங்கே கொடுப்பது?

மிசிசாகா_கணக்கன்:

வான்கூவரில். கனடாவில் முதலில் கால் வைக்கும் இடத்தில்தான் இமிக்ரேஷனும் சுங்கமும். அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். பட்டியலின் இரண்டு பிரதிகளும் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.